தமாண்டாவின் திரை

மலாவியின் பிளாண்டயர் நகரில் கல்யாணத்துக்குப் பாட்டுப் போடுகிற பெண் என்றால் அப்போது ஒருத்திதான், தமாண்டா மகினா. பந்தலும் நாற்காலியும் வாடகைக்கு விடுவது என் தொழில். அவள் ஒலிபெருக்கி வைக்கிற மண்டபங்களில் பாதிக்கு மேல் என் நாற்காலிகள்தான் கிடக்கும். அப்படித்தான் பழக்கம். என்னை அக்கா என்பாள். லமெக் மட்டும் என்னை ‘நாற்காலிக்கா’ என்று கிண்டல் செய்வான்.

லமெக் அவளுடைய கூட்டாளி. மைக் பிடித்து விருந்தை நடத்துகிறவன். ஒலிபெருக்கிகள் அவனுடையவை, லேப்டாப்பும் அதற்குள் இருந்த பாட்டுகளும் அவளுடையவை. ஒருவரை விட்டு ஒருவரை யாரும் அழைத்ததில்லை.

எங்கள் ஊர் விருந்தில் சாப்பாட்டைவிட முக்கியம் பெரேக்கானி. லமெக் ஒவ்வொரு கூட்டமாகப் பேர் சொல்லிக் கூப்பிடுவான். கூப்பிடப்பட்டவர்கள் ஆடிக்கொண்டே வந்து மணமக்கள் முன்னால் இருக்கும் கூடையில் நோட்டுகளைப் போடுவார்கள். கூட்டத்துக்கு ஏற்ற பாட்டு அந்த நொடியில் விழ வேண்டும். முலாஞ்சே பக்கத்துத் தாய்மாமன்கள் எழுந்தால் சோப்பா தாளம். மாப்பிள்ளையோடு பள்ளியில் படித்தவர்கள் என்றால் அந்த வருஷத்தில் எல்லோர் வாயிலும் கிடந்த பாட்டு. பாட்டு ஒட்டவில்லையென்றால் ஆட்டம் படுத்துவிடும். பைக்குள் போன கை அங்கேயே நின்றுவிடும்.

தமாண்டாவிடம் அது நடந்ததே இல்லை. லிம்பே பேருந்து நிலையத்தில், ஜனங்களின் கைப்பேசியில் பாட்டு ஏற்றிக் கொடுக்கும் கடையில் பல வருஷம் உட்கார்ந்திருந்தவள் அவள். எந்த மாவட்டத்துக்காரன் எதைக் கேட்டால் தோளை அசைப்பான் என்று அவளுக்குத் தெரியும். லேப்டாப்பில் பாட்டுகளை ஊர்வாரியாக, உறவுவாரியாகப் பிரித்து வைத்திருந்தாள். பெண் வீட்டுப் பாட்டுகளுக்குச் சிவப்பு, மாப்பிள்ளை வீட்டுக்கு நீலம், திருச்சபைக்குப் பச்சை. ஒவ்வொரு பாட்டுக்கும் பக்கத்தில் அதன் வேகம், வருஷம், எந்த நொடியில் தாளம் தொடங்குகிறது என்பது வரை குறித்திருப்பாள். கல்லறைக் கல் திறப்புக்கும் அவளைக் கூப்பிடுவார்கள் என்பதால் துக்கப் பாட்டுகள் ஒரு தொகுப்பு. அதற்குச் சாம்பல் நிறம். திரையின் இடது ஓரத்தில் எல்லாவற்றுக்கும் கீழே அது கிடக்கும்.

காதில் ஹெட்போனை வைத்து முன்கூட்டிக் கேட்டுப் பார்ப்பது அவளுக்குக் கௌரவக் குறைச்சல். “அவன் பேரைச் சொல்லி முடிக்கறதுக்குள்ள பாட்டு விழணும் அக்கா. கேட்டுப் பாத்துக்கிட்டிருந்தா அது ரேடியோ” என்பாள்.

ஒரு மழைக்காலத்தில் அவள் அடிக்கடி லேப்டாப்பைத் திட்ட ஆரம்பித்தாள். அம்புக்குறி காணாமல் போய்விடுகிறதாம். “எலி மாதிரி எங்கயோ பூந்துக்குது” என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். இன்னொரு நாள் மண்டபத்தில் என் நாற்காலி அடுக்கின்மேல் நேராகப் போய் மோதினாள். அதற்கும் சிரித்தோம்.

அதற்குப் பிறகுதான் திரையை மாற்றும் வேலை தொடங்கியது. கூட்டம் வருவதற்கு முன்னால் அமைப்புகள் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எதையாவது நோண்டிக்கொண்டே இருப்பாள். முதலில் கறுப்புப் பின்னணியை வெள்ளையாக்கினாள். பிறகு எழுத்தைப் பெரிதாக்கினாள், இன்னும் பெரிதாக்கினாள். அடுத்த கல்யாணத்தில் வருஷம் இருந்த வரிசையை எடுத்துவிட்டாள். பிறகு வேகம் இருந்த வரிசை போயிற்று. பாட்டின் ஒலி மலைத்தொடர் மாதிரி ஓடுமே, அந்த அலைக்கோட்டையும் மறைத்தாள்.

“எதுக்குடி எல்லாத்தையும் கழட்டிப் போடறே?” என்று கேட்டேன்.

“வீடு சுத்தம் பண்றேன் அக்கா. கண்டதையும் சேத்து வெச்சிருக்கேன்.”

பின்னாளில்தான் சொன்னாள். எழுத்து பெரிதாகப் பெரிதாக அவளுக்குப் படிப்பது இன்னும் கஷ்டமாகத்தான் ஆயிற்றாம். ஒரு நேரத்தில் ஒரு சொல்தான் கண்ணுக்குள் அகப்படும். பாட்டின் பேரைப் பிடித்தால் பாடியவர் பேர் தப்பிவிடும். வீட்டில் தனியாக உட்கார்ந்து பலவிதமாகப் போட்டுப் பார்த்துக் கடைசியில் கண்டுபிடித்தாள். பெரிதாக்குவது உதவாது. எல்லாவற்றையும் சிறிதாக்கி, ஓரங்களிலிருந்து பிடுங்கி, திரையின் நடுவில் ஒரு சிறு சதுரத்துக்குள் அடைத்தால் மொத்தமும் கண்ணில் நிற்கிறது. கெட்டியான கறுப்பு எழுத்து, வெள்ளைத் தாள் மாதிரி பின்னணி. அந்த அமைப்பைச் சேமித்து வைத்தாள். அதன் அர்த்தம் என்ன என்று அவளுக்குத் தெரியாமலில்லை. அவளுடைய அப்பாவுக்கும் இப்படித்தான் ஓரத்திலிருந்து பார்வை போக ஆரம்பித்ததாம். சிராட்சுலுவில், பத்து வயசில், கம்பின் ஒரு முனையை அவரும் மறுமுனையை இவளுமாகப் பிடித்துக்கொண்டு சந்தைக்குக் கூட்டிப் போனவள் அவள். மருத்துவமனைக்குப் போனால் அப்பாவின் நோயையே தனக்கும் சொல்லிவிடுவார்கள் என்றே போகவில்லை.

லிம்பேயில் சபை மூப்பர் ஒருவரின் மகளுக்குக் கல்யாணம். பெண்ணின் அம்மா முந்தின வருஷம்தான் இறந்திருந்தார். சபையின் மகளிர் சங்கத்தில் பெரிய ஆளாக இருந்தவர். அதனால் சங்கத்துப் பெண்கள் வெள்ளைச் சட்டையும் கறுப்புப் பாவாடையுமாகக் கூட்டமாக வந்திருந்தார்கள்.

லமெக் அன்று நல்ல உற்சாகத்தில் இருந்தான். “இப்ப வரப்போறது யாரு தெரியுமா? இவங்க ஜெபம் பண்ணா மழை வரும், முறைச்சா மாப்பிள்ளைக்குக் காய்ச்சல் வரும்! சங்கத்து அம்மாக்களே, எழுந்திரிங்க!”

பெண்கள் சிரித்துக்கொண்டே எழுந்தார்கள். தமாண்டா பொத்தானை அழுத்தினாள்.

சங்கத்தின் பாடகர் குழு ஒன்றே. அவர்கள் பதிவு செய்த சந்தோஷப் பாட்டும் துக்கப் பாட்டும் ஒரே பேரில்தான் இருக்கும். எந்தத் தொகுப்பு திறந்திருக்கிறது என்று காட்டும் நிறம் இடது ஓரத்தில் இருந்தது. அந்த ஓரம் அவளுக்கு இல்லை. சதுரத்துக்குள் குழுவின் பேர் தெரிந்தது, அதை அழுத்தினாள். ஆர்மோனியம் மெல்ல எழும்பியது. சவப்பெட்டியை வீட்டிலிருந்து தூக்கும்போது பாடுகிற பாட்டு அது.

முன்வரிசைப் பெண் ஒருத்தி இடுப்பை அசைக்கத் தொடங்கியவள் அப்படியே நின்றாள். அவர்கள் எல்லோரும் அந்தப் பாட்டை அந்த அம்மாவின் வாசலில் நின்று பாடியவர்கள். யாரோ விம்மினார்கள். மணப்பெண் கையுறை போட்ட கையால் வாயை மூடிக்கொண்டாள். லமெக் சமாளிக்கப் பார்த்தான். “பொண்ணோட அம்மா மேலேருந்து ஆசீர்வாதம் அனுப்பறாங்க...” என்று ஆரம்பித்ததும் மண்டபமே அழுதுவிட்டது.

பெண்ணின் சித்தி மேடையைச் சுற்றி வந்தார். தமாண்டாவின் கைகள் விசைப்பலகைமேல் இருக்கும்போதே லேப்டாப்பின் மூடியைப் பிடித்துச் சாத்தினார்.

மண்டபத்தின் பின்பக்கம், தண்ணீர்த் தொட்டி அருகில், லமெக் அவளைப் பிடித்துக்கொண்டான். நான் நாற்காலிகளை எண்ணுகிற மாதிரி நின்றிருந்தேன்.

“என்ன குடிச்சே?”

அவள் லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

“கேக்கறேன்ல? மனுஷன் நிதானத்துல இருந்தா அந்தப் பாட்டைப் போடுவானா? வாயைத் தொற. பீரா, கச்சாசு சாராயமா?”

“பீரு” என்றாள் தமாண்டா. “ரெண்டு.”

அன்று காலையிலிருந்து அவள் என்னோடுதான் இருந்தாள். குடித்தது ஒரு கோப்பை தோப்வா, அதுவும் குழந்தைகள் குடிக்கிற சோளக் கஞ்சி. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. வண்டியில் திரும்பும்போது கேட்டேன். “பொய் ஏன் சொன்னே?”

“குடிகாரின்னா நிறுத்தச் சொல்லுவாங்க அக்கா. நிறுத்திட்டேன்னு சொன்னா திரும்பக் கூப்பிடுவாங்க.” நான் அதைத் தோண்டவில்லை.

குடிகாரி என்ற பேர் கல்யாணச் சந்தையில் வேகமாகப் போயிற்று. லமெக்கும் அதைப் பரப்பினான். “என் தப்பில்ல, அவ குடிச்சிருந்தா” என்று அவன் சொல்லித்தானே தன் பேரைக் காப்பாற்றிக்கொள்ள முடியும்? சபைக் கல்யாணங்கள் நின்றுபோயின. கிடைத்த சிலவற்றில் அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு பாட்டையும் முன்னால் கேட்டுப் பார்த்தாள். அதனால் தாமதம். லமெக் பேர் சொல்லி முடித்து மைக்கோடு நிற்பான், ஆட எழுந்தவர்கள் கை தொங்க நிற்பார்கள். “பாட்டு வேண்டுதல்ல இருக்கு, எல்லாரும் கண்ணை மூடிக்குங்க” என்பான் மைக்கில். ஜனங்கள் சிரிப்பார்கள். தமாண்டா தலை நிமிரமாட்டாள்.

ஒருமுறை மாப்பிள்ளையின் நண்பன் ஒருவன் அவளுக்குப் பக்கவாட்டில் வந்து கை நீட்டினான். அவள் கவனிக்கவே இல்லை. “அடேங்கப்பா, ராணியம்மா கை குடுக்கமாட்டாங்களாம்!” என்று அவன் கத்திவிட்டுப் போனான். அவள் திடுக்கிட்டுத் திரும்பிய விதத்தில்தான் எனக்கு முதல் சந்தேகம் விழுந்தது. அப்போதும் கேட்கவில்லை. கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவாளோ என்று பயமாக இருந்தது.

இதற்கிடையில் லேப்டாப் தடுமாறத் தொடங்கியது. வேகம் குறைவது அதனால்தான் என்று லமெக் முடிவு கட்டிவிட்டான். அவள் எவ்வளவோ மறுத்தும் கேட்காமல் கைப்பேசி பழுது பார்க்கும் தன் மைத்துனனிடம் அதைக் கொண்டுபோய்க் கொடுத்தான். பாங்வேயில் ஒரு கல்யாணத்தன்று காலை மண்டபத்துக்குத்தான் திருப்பிக் கொண்டுவந்தான்.

“பாரு, புதுப் பொண்ணு மாதிரி ஆக்கிட்டான். வைரஸ் எல்லாம் துடைச்சு, புது மென்பொருள் போட்டுக் குடுத்திருக்கான். பாட்டு ஒண்ணும் போகல, பயப்படாதே.”

பாட்டு ஒன்றும் போகவில்லை என்பது உண்மைதான். திரையமைப்பு போய்விட்டது. நான் மேஜை விரிப்பைப் போட்டுக்கொண்டிருந்தேன். திரையைப் பார்த்தேன். கறுப்புப் பின்னணி, மெல்லிய சாம்பல் எழுத்து, இடதுகோடியில் தொகுப்புகள், வலதுகோடியில் வேறு ஏதேதோ, மேலே பல நிறத்தில் அலைக்கோடுகள். தமாண்டா முகத்தைத் திரைக்கு மிக அருகில் கொண்டுபோனாள். பிறகு தள்ளி வந்தாள். தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மெதுவாகத் திருப்பினாள்.

“பட்டியல் எங்க?”

“இடது பக்கம்.”

“இடது பக்கம் எங்க?”

“இடது பக்கம்னா இடது பக்கம்தான். கண்ணு தெரியலையா உனக்கு?”

எங்கள் ஊரில் நாள் முழுக்க ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கிற கேள்வி அது.

“தெரியல அண்ணே” என்றாள்.

லமெக் சிரிக்க வாயெடுத்தான். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினான்.

“விளையாடாதே.”

“நடுவுல கொஞ்சம் தெரியுது. ஓரம் தெரியல. ரெண்டு வருஷமா.”

“அன்னைக்கு லிம்பேல?”

“குடிக்கல.”

லமெக் மைக்கை மேஜைமேல் வைத்தான். அது உருண்டு கீழே விழுந்து மண்டபம் முழுக்க இடித்தது. அவன் குனிந்து எடுக்கவில்லை.

“நான் ஊர் பூரா சொன்னேனே! பாஸ்டர்கிட்ட சொன்னேன். எங்கம்மாகிட்ட சொன்னேன். உன்னக் குடிகாரின்னு சொல்ல விட்டுட்டு நீ பாத்துக்கிட்டு இருந்தியா? என்னப் பத்தி என்ன நினைச்சே நீ?”

“தெரிஞ்சா நீங்க என்னை விட்டுட்டுப் போயிடுவீங்கன்னு நினைச்சேன்.”

“நினைப்பே! உனக்கு நல்லா நினைக்கத் தெரியும்!”

அவன் வெளியே போய்விட்டான். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வண்டியருகே நின்று யாருடனோ கைப்பேசியில் பேசினான். வேறொரு ஆளைக் கூப்பிடுகிறான் என்றுதான் நினைத்தேன். தமாண்டா நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டாள். “அக்கா, அவர் போயிட்டாரா?” என்றாள். “நிக்கறான்” என்றேன்.

அவன் கூப்பிட்டது மைத்துனனைத்தான். பழைய திரையமைப்பைத் திரும்பக் கொண்டுவர முடியாது என்று அவன் சொல்லிவிட்டானாம். திரும்பி வந்து அவள் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டான். குரலில் கோபம் அப்படியே இருந்தது.

“எப்படி வேணும்னு சொல்லு. ஊர்வலம் வர்றதுக்குள்ள பண்ணிடலாம்.”

அவள் சொல்லச் சொல்ல அவன் அமைப்புகளுக்குள் தேடித் தேடி அழுத்தினான். பின்னணி வெள்ளை. எழுத்து கறுப்பு, தடிமன். அலைக்கோடு வேண்டாம். வேகம் வேண்டாம், வருஷம் வேண்டாம். தொகுப்பின் பேர் பாட்டின் பேருக்கு முன்னாலேயே வர வேண்டும், ஓரத்தில் வேண்டாம். லிம்பேயில் நடந்ததற்குப் பிறகு அவள் கற்றுக்கொண்டது அது. புது மென்பொருளில் பாதி எங்கே இருக்கிறதென்று அவனுக்குப் புரியவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டான். “இதைக் கண்டுபிடிச்சவன் கையில கெடைச்சான்னா...” என்றான்.

“இப்ப அந்த விண்டோவைச் சின்னதாக்குங்க. நடுவுக்குக் கொண்டு வாங்க.”

அவன் சுருக்கினான்.

“இன்னும்.”

சுருக்கினான்.

“இன்னும் கொஞ்சம். அங்க. அங்கதான்.”

லமெக் கையை எடுத்தான். அவ்வளவு அகலமான திரையில், ரொட்டித் துண்டு அளவுக்கு ஒரு வெள்ளைச் சதுரம் நின்றது. சுற்றிலும் ஒன்றுமில்லை.

“இவ்ளோதானா?”

“இவ்ளோதான் அண்ணே.”

அவன் எழுந்து போய்க் கீழே கிடந்த மைக்கை எடுத்துத் துடைக்கத் தொடங்கினான். வெகுநேரம் துடைத்தான்.

அன்றைய கல்யாணம் பிரமாதமாக நடந்தது என்று சொல்லமாட்டேன். மாப்பிள்ளையின் வேலைத்தளத்து ஆட்களுக்கு விழ வேண்டிய பாட்டு ஒருமுறை மாறி விழுந்தது. யாரும் அழவில்லை. லமெக் ஒரு வழியைக் கண்டுபிடித்துக்கொண்டான். அடுத்து யாரைக் கூப்பிடப் போகிறான் என்பதை மேஜைக்கு நேர் எதிரே வந்து நின்று முதலில் அவளிடம் சொல்வான், பிறகுதான் கூட்டத்திடம். அதற்காக இரண்டு நகைச்சுவையை நீட்டிக்கொள்வான். ‘யாரங்கே’ என்று திடீரென்று கூப்பிட்டு எல்லோரையும் திகைக்கவைப்பதுதான் அவனுக்குப் பேர் வாங்கித் தந்தது. அதை அவன் விட்டுவிட்டான். வருத்தம் இருந்தது, சொல்லிக்காட்டவும் செய்தான். “என் வேகத்தை நீ திங்கறே” என்பான். “உங்க வாயை நான் சுமக்கறேனே” என்பாள் அவள்.

அடுத்த வாரம் நான் அவளைக் கண் மருத்துவரிடம் கூட்டிப் போனேன். பெஞ்சில் நாள் முழுக்கக் காத்திருந்தோம். கிண்ணம் மாதிரி இருந்த ஒரு கருவிக்குள் முகத்தை வைத்து, விளக்குப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். நான் பின்னால் நின்று பார்த்தேன். விளக்குகள் வந்துகொண்டே இருந்தன. அவள் விரல் அசையாமலே இருந்தது. அதை என்னால் நின்று பார்க்க முடியவில்லை.

டாக்டர் சின்னப் பெண். ஒளித்துப் பேசவில்லை. கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு செத்திருக்கிறது. போனது வராது. சொட்டு மருந்தை விடாமல் போட்டால் இருப்பதை வைத்துக்கொள்ளலாம், அதையும் உறுதியாகச் சொல்ல முடியாது.

“ரெண்டு வருஷம் முன்னாடி வந்திருந்தா?” என்று தமாண்டா கேட்டாள்.

“இன்னும் நெறைய இருந்திருக்கும்” என்றாள் டாக்டர்.

வெளியே வந்து வாசல் படியில் உட்கார்ந்தாள். விற்கிறவளிடம் எண்ணெயில் பொரித்த மந்தாசி உருண்டை வாங்கிக் கொடுத்தேன். கையிலேயே வைத்திருந்தாள். “எங்கப்பாவுக்கு யாரும் சொட்டு மருந்து இருக்குன்னே சொல்லல அக்கா. எனக்குத் தெரிஞ்சிருந்தும் நான் போகல” என்றாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

லமெக் பாஸ்டரிடம் போய் விஷயத்தைச் சொன்னான். குடிகாரி என்ற பேச்சு குறைந்தது, இன்னொரு பேச்சு வந்தது. “அந்தக் கண்ணு தெரியாத பொண்ணா?” என்று கேட்பவர்கள் பாதிப்பேர் கூப்பிடவில்லை. மீதிப்பேர் கூப்பிட்டார்கள். மருந்து சில மாதம் கிடைக்கும், சில மாதம் மருத்துவமனையில் இருக்காது. அப்போது லமெக் வெளிக்கடைகளில் அலைவான்.

போன மாதம் சோம்பாவில் ஒரு கல்யாணம். ஆட்டம் முடிந்து, பையன்கள் ஒலிபெருக்கிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மணப்பெண்ணின் அத்தை ஒருத்தி வியர்த்து விறுவிறுத்து மேஜைக்கு வந்தாள். இருந்த ஒவ்வொரு பாட்டுக்கும் ஆடியவள்.

“அடுத்த ஆகஸ்டுல என் மகளுக்குக் கல்யாணம். பாட்டு நீதான்மா போடணும். வேற ஆள் வேணாம். இப்பவே எழுதிக்குங்க.”

வழக்கமாக லமெக் உடனே சரி என்றுவிடுவான். அன்று மட்டும் தமாண்டாவைப் பார்த்தான்.

“ஜூன்ல கேளுங்கம்மா” என்றாள் தமாண்டா.

“ஜூன்லயா? அவ்ளோ கிராக்கியா உனக்கு?”

“கிராக்கி இல்லம்மா. ஜூன்ல எனக்கு எவ்ளோ தெரியும்னு பாத்துட்டுச் சொல்றேன்.”

அத்தைக்குப் புரியவில்லை. லமெக்கைத் திரும்பிப் பார்த்தாள். அவன் அத்தையின் கைப்பேசி எண்ணை வாங்கிக்கொண்டு, ஜூனில் தானே கூப்பிடுவதாகச் சொன்னான்.